புது மீனுக்கு முதலில் தனித்தொட்டி: வாசகர் கேள்வி பதில்

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பல, புதிதாக வாங்கிய ஒரு மீனால் பழைய மீன்களையும் சேர்த்து இழந்த செய்தியையே சொல்கின்றன. ஆகவே இந்த இதழில், புது மீன்களைத் தனியே வைத்துப் பராமரிக்கும் தனிமைத் தொட்டி பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் தரப்படுகிறது.

ஐயா, என்னிடம் நான்கு அடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்று உள்ளது. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள் டாங், ஒரு ராயல் கிராமா ஆகியவை ஒன்றரை ஆண்டாக நன்றாக இருந்தன. சென்ற மாதம் ஒரு பவுடர் புளூ டாங் வாங்கி வந்து, பையைச் சிறிது நேரம் மிதக்கவிட்டுவிட்டு நேரே தொட்டியில் விட்டேன். பத்தாம் நாள் அதன் மேல் உப்பைத் தூவியது போலப் புள்ளிகள் தெரிந்தன. மூன்றே வாரத்தில் கிராமாவைத் தவிர எல்லாம் இறந்துவிட்டன. இனித் தனிமைத் தொட்டி இல்லாமல் மீன் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதை எப்படி அமைப்பது?
— வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் மீன்களைக் கொன்றது கடல்மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய் என்றே தோன்றுகிறது. இதை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி எப்படி வாழ்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், தனிமைத் தொட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புகுந்து 3 முதல் 7 நாட்கள் வரை தின்று வளரும் இந்த ஒட்டுண்ணி, அதன்பின் மீனைவிட்டு உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. உறைக்குள் பலமுறை பிரிந்து பெருகி, சில நாட்கள் கழித்தோ சில வாரங்கள் கழித்தோ நூற்றுக்கணக்கான நீந்தும் உயிர்களாக வெளியே வருகிறது. அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் மடிந்துவிடும். பரந்த கடலில் அப்படிப் பற்றுவது அரிது. நான்கு அடித் தொட்டியில் எந்தப் பக்கம் நீந்தினாலும் மீன்தான். கடையில் நீங்கள் பார்த்தபோது அந்த டாங்கின் மேல் ஒரு புள்ளிகூட இல்லாதிருந்திருக்கலாம், ஏனென்றால் செவுளுக்குள் இருப்பவை யார் கண்ணுக்கும் தெரியாது. பத்தாம் நாள் நீங்கள் கண்டது உங்கள் தொட்டியிலேயே பிறந்த அடுத்த தலைமுறையாக இருக்கலாம். இந்தியப் பெருங்கடலில் வாழும் பவுடர் புளூ டாங், அழகுக்குப் பேர்பெற்ற அளவுக்கு இந்த நோய்க்கும் பேர்பெற்றது.

தொட்டியைப் பொறுத்தவரை, கோமாளி மீன் அளவுள்ள ஓரிரு சிறிய மீன்களுக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட சாதாரணக் கண்ணாடித் தொட்டி போதும். அதில் ஏறக்குறைய 50 லிட்டர் நீர் நிற்கும். டாங் போன்று ஓயாமல் நீந்தும் மீன் என்றால், 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டிக்குக் குறைவாக நான் பரிந்துரைக்க மாட்டேன். அடியில் மணல் வேண்டாம், கல்லும் வேண்டாம். ஒட்டுண்ணியின் உறைகளுக்கு அவை புகலிடம் என்பது ஒரு காரணம். பவளக்கல்லும் பவள மணலும் சுண்ணாம்புப் பொருளாதலால் ஒட்டுண்ணியைக் கொல்ல நாம் நீரில் இடும் தாமிர மருந்தை உறிஞ்சிக்கொண்டு அதன் அளவைக் கணிக்க முடியாமல் செய்துவிடும் என்பது இன்னொரு காரணம். ஒளிந்துகொள்ள, பிளம்பிங் கடையில் கிடைக்கும் இரண்டங்குல, மூன்றங்குல பி.வி.சி. எல்போக்களையும் டீக்களையும், பசை படாத புதியவையாகப் பார்த்து வாங்கி, ஒரு நாள் நீரில் ஊறவைத்துக் கழுவிப் போடுங்கள். ஒரு மீனுக்கு ஒரு குழாய் என்று நிறுத்திவிடாமல், ஒன்றிரண்டு கூடுதலாகவே இருக்கட்டும். வெறும் கண்ணாடித் தரையில் தன் நிழலையே கண்டு மிரளும் மீன்கள் உண்டு. தொட்டியின் அடியிலும் பின்புறத்திலும் வெளிப்பக்கமாகக் கருநீலக் காகிதம் ஒட்டினால் மீனின் பதற்றம் வெகுவாகத் தணியும். செலவு சில ரூபாய்தான் என்றாலும் பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை.

வடிகட்டலுக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு வையுங்கள். வெப்பநிலை 26, 27 டிகிரியில் நிலையாக நிற்க வேண்டும். உங்கள் ஊரில் மார்கழி இரவுகளுக்கு ஹீட்டர் தேவைப்படும், சென்னை வாசகர்களுக்குச் சித்திரை வெயிலில் நீர்ப்பரப்பை நோக்கி ஒரு சிறு மின்விசிறி தேவைப்படும். மேலே கண்ணி வலை போட்ட மூடி கட்டாயம், ஏனெனில் ராஸ் வகை மீன்கள் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் முதல் இரவிலேயே துள்ளித் தரையில் விழுந்துவிடும். விளக்குக்குத் தனிச் செலவு வேண்டாம், அறை வெளிச்சமே போதும். வலை, வாளி, நீர் உறிஞ்சும் குழாய் ஆகியவை தனிமைத் தொட்டிக்கென்றே இருக்க வேண்டும். சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் செய்துவிட்டால் வீட்டில் மற்றவர்கள் கை தவறி மாற்றிவிட மாட்டார்கள். நாள்தோறும் முதலில் பெரிய தொட்டி வேலை, பிறகுதான் தனிமைத் தொட்டி வேலை. இரண்டு தொட்டிகளுக்கும் இடையில் பத்தடித் தூரமாவது இருக்கட்டும்: வெல்வெட் என்னும் இன்னொரு ஒட்டுண்ணி நோயின் கிருமி, நீர்க்குமிழி உடைந்து தெறிக்கும் நுண்துளிகளில் ஏறி மூன்று மீட்டர் வரை சென்று தொற்றக்கூடும் என்பது சோதனையில் காட்டப்பட்டிருக்கிறது.

இவ்வளவையும் வாங்கி வைத்தபின், அந்தத் தொட்டிக்குள் முதலில் போக வேண்டியது புது மீன் அன்று. உங்கள் ராயல் கிராமாதான். அது பிழைத்துக்கொண்டது என்பதால் நோய் போய்விட்டது என்று பொருளில்லை. ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்ற மீன், வெளியில் ஒரு புள்ளியும் காட்டாமல் ஒட்டுண்ணியை மாதக்கணக்கில் சுமந்துகொண்டிருக்கும். அதைப் பிடித்துத் தனிமைத் தொட்டியில் சிகிச்சை செய்துகொண்டு, பெரிய தொட்டியை ஒரு மீனும் இல்லாமல் ஓடவிடுங்கள். உறைக்குள்ளிருந்து ஒட்டுண்ணி வெளிவருவதற்கு 72 நாட்கள் வரை ஆனதாகப் பதிவு இருப்பதால், 76 நாட்கள் மீனில்லாமல் வைப்பது என்பது அனுபவசாலிகள் பலர் கடைப்பிடிக்கும் கணக்கு. நத்தை, இறால், பவளம் முதலியவை அங்கேயே இருக்கலாம். அவற்றை இந்த ஒட்டுண்ணி உண்பதில்லை.

ஐயா, தாங்கள் சொல்வது போலவே தனித்தொட்டி வைத்தேன். புதிய உப்பு நீர், புதிய ஸ்பாஞ்ச், எல்லாம் சுத்தம். இரண்டு கோமாளி மீன்கள் விட்டேன். மூன்றாம் நாள் இரண்டும் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்கின. நான்காம் நாள் இறந்தன. உடலில் புள்ளியோ புண்ணோ இல்லை. என்ன நோய் இது?
— வாசகர், சென்னை

இது நோயன்று, அமோனியா என்றே நினைக்கிறேன். “எல்லாம் சுத்தம்” என்று நீங்கள் எழுதியிருப்பதில்தான் விடை இருக்கிறது. தனிமைத் தொட்டியில் இறக்கும் மீன்களில் பெரும்பகுதி, கொண்டுவந்த நோயால் அல்லாமல் அந்தத் தொட்டியின் நீராலேயே இறக்கிறது என்பது என் கருத்து. பிறகு பழி முழுவதும் கடைக்காரர் மேலும் மருந்து மேலும் விழுகிறது.

மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அதையே தருகிறது. பழைய தொட்டியில் கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. புதிய ஸ்பாஞ்சில் அந்தப் பாக்டீரியா இல்லை. நன்னீர்த் தொட்டியில் பழகியவர்கள் இங்கு ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு: நீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது, அவற்றுள் மீனைக் கொல்வது மின்னேற்றமில்லாத அமோனியாதான், அதன் பங்கு, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். ஏற ஏறக் கூடும். பி.எச். 7 உள்ள நன்னீரில் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது, பி.எச். 8.2 உள்ள வெதுவெதுப்பான கடல்நீரில் அது நூற்றுக்கு ஏழு என்ற அளவுக்குப் போகும். ஒரே சோதனைக் குழாயில் ஒரே பச்சை நிறம் தெரிந்தாலும், இரண்டின் ஆபத்தும் ஒன்றல்ல.

ஆகவே மீன் வாங்க நினைப்பதற்கு ஒரு மாதம் முன்பே, நோயில்லாத உங்கள் பெரிய தொட்டியின் சம்ப்பில் (நீர் சுழன்று வடிகட்டப்படும் கீழ்த்தொட்டியில்) இரண்டு ஸ்பாஞ்சுகளைப் போட்டு வையுங்கள். நான்கு வாரத்தில் அவை பழுப்பேறி, பிழிந்தால் கலங்கல் வடியும் நிலைக்கு வரும். அந்த அழுக்கு ஸ்பாஞ்ச்தான் உங்களுக்கு வேண்டியது. பெரிய தொட்டியில் நோய் இருந்தாலோ, அப்படி ஒரு தொட்டியே இல்லாவிட்டாலோ, தனிமைத் தொட்டியை மீனின்றி நிரப்பி, புட்டியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றி, அமோனியம் குளோரைடு சிறிது இட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா ஒரே நாளில் பூச்சியமாகும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். இந்தக் காலத்தில் நைட்ரைட் எகிறுவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கடல்நீரில் குளோரைடு மிகுந்திருப்பதால் நன்னீர் மீனைப் போலக் கடல்மீன் நைட்ரைட்டால் எளிதில் பாதிக்கப்படுவதில்லை.

மீன் வந்தபின் முதல் இரண்டு வாரம் தினமும் அமோனியாவைச் சோதியுங்கள். தொட்டியின் உட்புறம் ஒட்டிவைக்கும் நிறமாறும் அமோனியா வில்லை ஒன்று இருந்தால், காலையில் தீனி போடும்போதே ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வில்லை மஞ்சளிலிருந்து பச்சைக்குத் திரும்பத் தொடங்கினால், அன்றைக்கே கால்பங்கு அல்லது அரைப்பங்கு நீரை மாற்றுங்கள். இதற்காகவே 50 லிட்டர் உப்பு நீர் கலக்கி, காற்று ஓடும் டிரம்மில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். மீன் மூச்சு வாங்கும்போது உப்பைக் கலக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். சீகெம் பிரைம் போன்ற, அமோனியாவைக் கட்டிவைக்கும் திரவங்கள் அவசரத்துக்கு உதவும் என்றாலும், தாமிர மருந்து நீரில் இருக்கும்போது அவற்றை இடக் கூடாது. அவை தாமிரத்தை மீனுக்கு மிகவும் நச்சான வடிவத்துக்கு மாற்றிவிடக்கூடும்.

எந்த மீன் வந்தாலும் முதல் நாளே தாமிர மருந்து போட்டுவிடுவது நல்லது என்று என் நண்பர் கூறுகிறார். மற்றொரு நண்பர், நோய் தெரிந்தால் மட்டும் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், மதுரை

இருவருடைய வாதத்திலும் உண்மை இருக்கிறது. மருந்திடாமல் வெறுமே கவனித்துக்கொண்டிருந்தால், செவுளில் மட்டும் ஒளிந்திருக்கும் தொற்று தனிமைக் காலம் முழுவதும் கண்ணுக்குப் படாமலே போகலாம். அதே வேளையில், பயணத்தில் களைத்து, பசியோடு வந்து இறங்கிய மீனின் மேல் அன்றைக்கே தாமிரத்தைக் கொட்டினால், அது தீனியைத் தொடுவதற்கு முன்பே துவண்டுவிடும். மீன் தீனி தின்னத் தொடங்கும் வரை மருந்து வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாட்களில் தின்னத் தொடங்கிவிடும். டாங் வகைகளுக்கும், கடலில் பிடித்த கோமாளி மீன்களுக்கும், பல கடைகள் மாறி வந்த மீன்களுக்கும் அதன்பின் கட்டாயமாகச் சிகிச்சை செய்வேன். குள்ள ஏஞ்சல் மீன்கள், மாண்டரின் மீன், பஃபர் போன்றவை தாமிரத்தைத் தாங்குவதில் பலவீனமானவையாதலால் அவற்றைக் கவனிப்பதோடு நிறுத்திக்கொண்டு, அறிகுறி தோன்றினால் மட்டும் செயல்படுவேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. புது மீன் வெளிச்சத்தை வெறுத்து மூலையில் ஒதுங்கி, நீர் பாயும் இடத்தில் தலையை நீட்டியபடி, செவுள் மூடிகள் படபடக்க மூச்சுவிட்டால், உடலில் வெண்புள்ளி எதுவும் இல்லாவிட்டாலும் அது அமைலூடினியம் என்னும் வெல்வெட் நோயாக இருக்கக்கூடும். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தோலின் மேல் பொன்துகள் தூவியது போன்ற மெல்லிய படலம் தெரியலாம். தெரியாமலும் போகலாம், ஏனென்றால் இதுவும் முதலில் செவுளையே தாக்குகிறது. வெண்புள்ளி நோய் வாரக்கணக்கில் கொல்லும். வெல்வெட் இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். இங்கே தீனிக்காகக் காத்திருக்க நேரமில்லை, அன்றே தாமிரம் தொடங்க வேண்டும்.

தாமிரம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது. தாமிர சல்பேட்டிலிருந்து வரும் தனி அயனித் தாமிரம் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். கீலேட் செய்யப்பட்ட, அதாவது வேறொரு சேர்மத்தோடு பிணைத்துவைத்த தாமிரம் என்றால் லிட்டருக்கு 2 மில்லிகிராமை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ வைக்க வேண்டிய தயாரிப்புகள் உள்ளன. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் அன்றிரவே தொட்டி காலி. புட்டியின் மேலுள்ள குறிப்பைப் படித்து, அந்த வகைத் தாமிரத்தை அளக்கக்கூடிய சோதனைக் கருவி கையில் இருந்தால் மட்டுமே தொடங்குங்கள். நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் கருவியைவிட எண்ணைக் காட்டும் சிறிய மின்னணு அளவி பணத்துக்குத் தகும். இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாக உயர்த்தி, முழு அளவை எட்டிய நாளிலிருந்து 30 நாட்கள் அதில் குறையாமல் வைத்திருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் அளவு கீழே இறங்கினால் கணக்கை மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். மாற்றும் நீரிலும் அதே அளவு தாமிரத்தைக் கலந்துவிட்டு ஊற்றுங்கள். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மீனின் தோலிலும் செவுளிலும் ஒட்டி வாழும் தட்டைப்புழுக்களுக்குத் தாமிரம் பயன்படாது. தலையை உலுக்குவது, குழாயில் உடம்பைத் தேய்ப்பது, கண்ணின் மேல் மங்கல் படர்வது ஆகியவை தெரிந்தால், வெப்பநிலையும் பி.எச். அளவும் பொருத்திய, குளோரின் நீக்கிய, காற்றோட்டமுள்ள நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கண்ணாடி போல் இருந்த புழுக்கள் வெளுத்து, எள்ளின் அளவில் வெண்துணுக்குகளாகப் பாத்திரத்தின் அடியில் உதிரும். அதைக் கண்டால் பிராசிகுவான்டல் மருந்தை லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் வீதம் இட்டு, முட்டையிலிருந்து வெளிவருபவற்றுக்காக ஒரு வாரத்துக்குள் மறுபடியும் இட வேண்டும். காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், இம்மருந்தை இட்டபின் பாக்டீரியா பெருகி நீரின் ஆக்சிஜன் குறைவதுண்டு. நாய்களுக்கு விற்கும் குடற்புழு மாத்திரையைத் தூளாக்கிப் போடுவது பற்றிச் சிலர் கேட்கிறார்கள். அவற்றில் பலவற்றில் வேறு மருந்துகளும் சேர்ந்திருக்கும். வேண்டாம்.

தாமிரத்துக்குப் பதிலாக உப்பின் அளவைக் குறைத்தே வெண்புள்ளியைக் குணப்படுத்தலாம் என்று அறிந்தேன். உண்மையா? கடல்மீன் அதைத் தாங்குமா?
— வாசகர், கொழும்பு

எலும்புள்ள கடல்மீன்களில் பெரும்பாலானவை தாங்கும். அவற்றின் இரத்தத்தின் உப்பளவு கடல்நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கடலில் அவை நாள் முழுவதும் கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைச் செவுள் வழியே வெளித்தள்ளிக்கொண்டிருக்கின்றன. நீரின் உப்பைக் காட்டும் அடர்த்தி எண்ணை (நன்னீருக்கு இது 1.000) 1.025 என்பதிலிருந்து 1.009 வரை இரண்டு நாளில் இறக்கினால் மீனுக்கு அந்த வேலை மிச்சமாகிறது. ஒட்டுண்ணியின் உறைகளோ அந்த நீரில் சிதைந்துவிடுகின்றன. கடைசிப் புள்ளி மறைந்தபின் நான்கு வாரம் அப்படியே வைத்து, பிறகு ஒரு வாரத்துக்கும் குறையாமல் மெதுவாகப் பழைய அளவுக்கு உயர்த்த வேண்டும். இறக்குவதைவிட ஏற்றுவதே மீனுக்குக் கடினம்.

ஆனால் 1.009 என்றால் 1.009தான். 1.011 என்று நின்றால் பயனில்லை. ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை இதற்கு நம்பக் கூடாது. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள நியமக் கரைசலால் சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலைக் கொண்டு உப்பை அளக்கும் கருவி) வேண்டும். உப்போடு காரத்தன்மையும் நீர்த்துப்போவதால் பி.எச். இறங்கும், அதையும் கவனிக்க வேண்டும். வெல்வெட், கோமாளி மீன்களை விரும்பித் தாக்கும் புரூக்லினெல்லா ஆகிய நோய்களுக்கு இந்த முறை பயனற்றது. குறைந்த உப்பைத் தாங்கும் வெண்புள்ளி ஒட்டுண்ணி வகைகளும் அறியப்பட்டுள்ளன. நோய் இன்னதென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கையாள வேண்டிய முறை இது.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி தொட்டி மாற்றும் முறை. மீனை விட்டு உதிரும் ஒட்டுண்ணி உறை கட்டி மறுபடி வெளிவர மூன்று நாட்களுக்கு மேல் ஆகும் என்பதால், 1, 4, 7, 10, 13 ஆகிய நாட்களில் மீனை மட்டும் புதிய நீருள்ள புதிய தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போனால் ஒட்டுண்ணி பின்னே தங்கிவிடுகிறது. இரண்டு தொட்டிகளும் இரண்டு தொகுதிக் கருவிகளும் போதும். காலி செய்ததைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் உலரவிட வேண்டும். 72 மணி நேரத்தை எந்த மாற்றத்திலும் தாண்டக் கூடாது. இதுவும் வெல்வெட்டுக்கு உதவாது.

பையிலிருந்து மீனை எடுக்கும்போது சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் நீர் கலப்பது நல்லதா?
— வாசகர், புதுச்சேரி

பக்கத்துக் கடையிலிருந்து அரைமணி நேரத்தில் கொண்டுவந்த மீனுக்குத் தீங்கில்லை. இரவெல்லாம் பயணம் செய்து பார்சலில் வந்த மீனுக்குக் கூடாது. மூடிய பையில் மீன் விட்ட கரியமிலவாயுவால் பி.எச். தாழ்ந்திருக்கும், அதனால் சேர்ந்திருக்கும் அமோனியா பெரும்பாலும் நச்சற்ற வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏற, அதே அமோனியா நச்சாக மாறத் தொடங்கிவிடும். அந்த நீரில் மீனை ஒரு மணி நேரம் வைத்திருப்பது அதற்குச் செய்யும் கொடுமை. பல கடைகளில் மீன் அடர்த்தி எண் 1.018, 1.020 என்ற குறைந்த உப்பில்தான் இருக்கும். ஆகவே கடையில் எண்ணைக் கேட்டுக்கொண்டு, உங்கள் தனிமைத் தொட்டியை அதே அளவில் தயார் செய்துவையுங்கள். வெப்பநிலை சமமாகும்படி மூடிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள். பை நீர் ஒரு துளியும் தொட்டிக்குள் போக வேண்டாம். பிறகு சில நாட்களில் உப்பை உயர்த்திக்கொள்ளலாம்.

பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீனுக்கும் தனிமை தேவையா? கடற்கரையிலிருந்து நீர் எடுத்து வந்து பயன்படுத்தலாமா?
— வாசகர், தூத்துக்குடி

மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் போன்றவை கோமாளி மீன் இனப்பெருக்க முறையை வகுத்துத் தந்ததால், நம் பகுதியில் பண்ணை மீன்கள் இன்று கிடைக்கின்றன; கடலில் பிடித்தவற்றைவிட அவற்றையே வாங்குங்கள் என்பேன். ஆனால் பண்ணையிலிருந்து உங்கள் கைக்கு வருமுன் அந்த மீன் கடையின் பொதுநீரில் மற்ற மீன்களோடு இருந்திருந்தால், பண்ணை மீன் என்ற பெயரால் ஒரு பாதுகாப்பும் இல்லை. முன்பு சொன்ன புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி, உடலெங்கும் சளியை இழை இழையாகக் கழன்று தொங்கச் செய்து, சில நாட்களில் கொன்றுவிடும். அதற்குத் தாமிரம் கேட்பதில்லை, ஃபார்மலின் குளியல்தான் வழக்கமான மருந்து. ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால், கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பழக்கமுள்ளவர் ஒருவரை உடன்வைத்துக்கொண்டு கையாளுங்கள். நேரே பண்ணையில் வாங்கிய மீன் என்றால் நான் மருந்தின்றி நான்கு வாரம் கவனிப்பதோடு நிறுத்துவேன்.

கடல்நீரைப் பற்றி: ஆற்று முகத்துவாரம், துறைமுகம், கழிவுநீர் சேரும் இடம் ஆகியவற்றைத் தவிர்த்து எடுக்க முடிந்தால் பயன்படுத்தலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோர நீரின் உப்பு தாழ்ந்துவிடும், அளந்து பாராமல் ஊற்றாதீர்கள். தனிமைத் தொட்டிக்கு மட்டும் நான் ஆர்.ஓ. நீரில் கலக்கிய உப்பையே விரும்புவேன், நோயைத் தடுக்க வைத்த தொட்டியில் கடலிலிருந்து புதியதொன்றைக் கொண்டுவந்து சேர்ப்பதில் பொருளில்லை. நீர் எடுக்கப் போகும் இடத்தில் அழகாகக் கிடக்கிறதே என்று பவளக்கல்லையும் எடுத்து வந்துவிடாதீர்கள். கடின பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை.

நத்தை, துறவி நண்டு, பவளம் ஆகியவற்றுக்கும் தனிமை வேண்டுமா?
— வாசகர், சிங்கப்பூர்

அவற்றுக்கு வெண்புள்ளி நோய் வராது. ஆனால் நத்தையின் ஓட்டிலும் பவளம் ஒட்டியிருக்கும் கல்லிலும் ஒட்டுண்ணியின் உறை வரக்கூடும். மீனில்லாத தனித்தொட்டியில் 76 நாட்கள் வைப்பதே முழுப் பாதுகாப்பு. அந்தத் தொட்டியில் தாமிரம் என்றுமே பட்டிருக்கக் கூடாது. முதுகெலும்பில்லா உயிர்களுக்கு அது மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு.

என் தனிமைத் தொட்டியில் வாங்கி ஐந்து நாளாகியும் பட்டாம்பூச்சி மீன் எதையும் தின்னவில்லை. பூண்டுச் சாறு கலந்து கொடுக்கலாமா? மின்வெட்டு வேறு அடிக்கடி வருகிறது.
— வாசகர், சேலம்

பூண்டு நோயைக் குணப்படுத்தும் என்பதை நம்பாதீர்கள். மணத்துக்காகச் சில மீன்கள் அதை நாடலாம், அவ்வளவே. முதலில் அசையும் உணவு கொடுத்துப் பாருங்கள்: வீட்டிலேயே பொரித்து வளர்த்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிர், பிறகு இறால் போன்ற மைசிஸ் உறைந்த நிலையில். பட்டாம்பூச்சி மீன்கள் பாறையைக் கொத்தித் தின்னப் பழகியவை என்பதால், மட்டிச் சதையை அதன் ஓட்டோடு திறந்து வைத்தாலோ, அரைத்த இறாலை பி.வி.சி. குழாயின் மேல் அழுத்தித் தேய்த்து வைத்தாலோ கொத்தத் தொடங்குவதுண்டு. அரைமணி நேரத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தொட்டியின் முன் நிற்காதீர்கள், மூன்று பக்கமும் காகிதத்தால் மறையுங்கள். மருந்து எதுவும் இட்டிருந்தால் நீரை மாற்றி அதைக் குறையுங்கள். பவளத்தை மட்டுமே தின்னும் பட்டாம்பூச்சி இனங்களும் உள்ளன. உங்களுடையது அதில் ஒன்றாக இருந்தால் எந்த உத்தியும் பலிக்காது, அடுத்த முறை கடையில் உங்கள் கண்முன் தீனி தின்னும் மீனை மட்டும் வாங்குங்கள்.

மின்வெட்டுக்கு, மின்சாரம் நின்றதும் தானே ஓடத் தொடங்கும் மின்கல ஏர் பம்ப் ஒன்றை ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு இணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை மட்டும் அதில் கொடுத்து, ஹீட்டரை விட்டுவிடுங்கள்; சேலத்தின் வெப்பத்தில் சில மணி நேரம் ஹீட்டர் இல்லாமல் மீனுக்கு ஒன்றும் ஆகாது, காற்று நின்றால் ஆகும்.